பெரும்பாடுபட்ட ஒரு வளையம்

படக்கருவியைப் பற்றிப் பேசுவோர் வில்லையைப் புகழ்வர், சென்சரை ஆராய்வர். இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் ‘மவுண்ட்’ என்னும் பொருத்துவளையத்தை நினைப்பவர் சிலரே. வில்லையின் பின்புறம் எத்துணைப் பெரிதாகலாம், படத்தளத்தை எத்துணை நெருங்கலாம் என்று வரையறுப்பது அவ்வளையந்தான். நிக்கோன், கேனன் ஆகிய இரு ஜப்பானிய நிறுவனங்களின் வரலாறே இதற்குச் சான்று.

1959-ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கோன் எஃப் படக்கருவியின் வளையம் 44 மி.மீ. அகலமுடையது. வளையத்திற்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தொலைவு. ஏன் இவ்வளவு இடைவெளி? படமெடுக்கும் கணத்தில் உள்ளிருக்கும் ஆடி மேலெழ இடம் வேண்டுமன்றோ! அவ்வாண்டின் 21 மி.மீ. அகலக்கோண வில்லையோ பின்புறம் நீண்டு கருவிக்குள் புகுந்தது. ஆகவே ஆடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, காட்சி காண்பதற்குத் தனிக்கருவி ஒன்றை மேலே பொருத்தவேண்டியதாயிற்று. ஆடிக்காகவே வடிக்கப்பட்ட படக்கருவியில் ஆடிக்கு வேலையில்லை!

1987-இல் கேனன் தனது எஃப்டி வளையத்தைக் கைவிட்டு, 54 மி.மீ. அகலமுள்ள இஎஃப் வளையத்தைக் கொணர்ந்தது. பழைய வில்லைகள் புதிய கருவியில் பொருந்தவில்லை. எஃப்டியின் தொலைவு 42 மி.மீ.; இஎஃப்பின் தொலைவு 44. அந்த 2 மி.மீ. வேறுபாட்டால், இடையில் கண்ணாடி சேர்க்காமல் தொலைவிலுள்ள பொருளைக் குவிக்க இயலாது. சேர்த்து வைத்திருந்தோரின் சினம் நியாயமானதே. ஆயினும் அகன்ற வாயின் பயனாக, 1989-இல் தானே குவியும் 50 மி.மீ. எஃப்/1.0 வில்லை பிறந்தது. வாடிக்கையாளரைக் கைவிடாத நிக்கோனின் தானே குவியும் வில்லைகள், எஃப் வளையத்தில் 1.4-ஐத் தாண்டவேயில்லை. பற்றுறுதிக்கு அது கொடுத்த விலை அது என்பேன்.

ஆடி நீங்கியதும் கணக்கு மாறியது. 2018-இல் வந்த நிக்கோன் இசட் வளையம் 55 மி.மீ. அகலம், தொலைவு வெறும் 16 மி.மீ. மறு ஆண்டே எஃப்/0.95 நாக்ட் வில்லை வந்தது. பழைய எஃப் வில்லைகளுக்கு, எஞ்சும் 30.5 மி.மீ. இடைவெளியை நிரப்ப இணைப்பியும் தந்தனர். ஆனால் அவற்றுள் மோட்டார் இல்லாதவற்றை அவ்விணைப்பியில் கையால்தான் குவிக்கவேண்டும்.

வேடிக்கை யாதெனில், 1987-இல் அநாதையான கேனன் எஃப்டி வில்லைகளும் இன்று வாழ்கின்றன. 26 மி.மீ. நீளமுள்ள வெற்று உலோகக் குழாய் ஒன்று போதும். நிக்கோன் இசட் கருவியிலேயே அவை அமர்ந்துவிடும்.