கைவிளக்கின் கதிரும் அறையின் ஒளியும்

இருளை நீக்குதல் ஒரே தொழில் போலத் தோன்றினும், உண்மையில் அஃது இரு தொழில்களை உள்ளடக்கியது. தொலைவிலுள்ள பொருளைக் கண்டறிதல் ஒன்று; இருக்கும் இடத்தை ஒளியால் நிரப்புதல் மற்றொன்று. முன்னதற்கு ஒளியைக் குவித்தல் வேண்டும். பின்னதற்கு அதனைப் பரப்புதல் வேண்டும். ஒன்றிற்கென அமைந்த விளக்கு மற்றொன்றிற்குச் செவ்வனே உதவுவதில்லை. இவ்வுண்மை சிறிது சிறிதாகத் தெளிவுபெற்ற கதையே கைவிளக்கின் வரலாறு எனலாம்.

பண்டைய வீட்டு விளக்குகளின் சுடருக்குத் திசை என்பது இல்லை. அகல்விளக்காயினும் மெழுகுதிரியாயினும், அதன் ஒளி நாற்புறமும் சென்று, சுவர்களிற் பட்டுத் தெறித்து, அறை முழுவதிலும் மங்கலாக நிறைந்தது. ஆனால் தூரத்தே செல்லச் செல்ல அவ்வொளி விரைவாகக் குன்றியது. தூரம் இரு மடங்காயின் ஒளிர்வு நான்கில் ஒன்றாகும். பிரான்சு நாட்டவரான பியர் பூகேர் 1729ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும், யோகான் லாம்பேர்ட் 1760ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும், ஒளியை அளக்கும் கலைக்கு உறுதியான அடிப்படை இடப்பட்டது.

குன்றும் ஒளியைத் தொலைவுக்கு அனுப்புவது எவ்வாறு என்பதே அந்நூற்றாண்டின் பெருங்கவலையாயிற்று. பெருநகரொன்றின் வீதிகளுக்கு இரவில் ஒளியூட்டச் சிறந்த வழி யாது எனப் பாரிசு விஞ்ஞானக் கழகம் வினவியபோது, இளைஞராயிருந்த இலவாசியே, விளக்குக்குப் பின்னால் வைக்கப்படும் ஆடியின் வடிவத்தையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். அதற்காக 1766ஆம் ஆண்டில் அவருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. பரவளைவு வடிவமான ஆடியின் குவியத்திலே சுடரை வைத்தால், தெறிக்கும் கதிர்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகச் செல்லும். 1823ஆம் ஆண்டில் பிரெனெல் தாம் அமைத்த படிவில்லைகளைக் கோர்துவான் வெளிச்சவீட்டிற் பொருத்தினார். அவை ஆடிகளிலும் மேலாக ஒளியைக் குவித்துக் கடலோடிகளுக்கு வழிகாட்டின. இலண்டன் பொலிஸார் இராக்காவலில் ஏந்திச் சென்ற விளக்கிலும் தடித்த குவிவில்லை ஒன்று முன்புறம் அமைந்திருந்தது.

மின்சாரக் கைவிளக்கு இந்தக் காவல் மரபிலேயே பிறந்தது. உலர்மின்கலத்தைக் கார்ல் காஸ்னர் 1880களில் உருவாக்கிய பின்னரே, சிந்தாத மின்கலத்தைக் கையிலே கொண்டுசெல்லுதல் இயல்வதாயிற்று. 1899ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் டேவிட் மிசெல் என்பவர் குழாய் வடிவான விளக்கிற்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். நியூயோர்க் பொலிஸார் இதனை முதலிற் பயன்படுத்தினோருட் சிலராவர். அக்காலத்துக் கரியிழைக் குமிழும் வலுக்குறைந்த மின்கலமும் நீடித்து எரிய இடந்தரவில்லை. ஆகவே இது கணநேரம் பளிச்சிடும் விளக்காகவே இருந்தது. பின்னர் தங்குதன் இழை வந்ததும் ஒளி வலுப்பெற்றது.

ஆயினும் குமிழும் பரவளைவு ஆடியும் கொண்ட இக்கருவி வீட்டினுள்ளே குறையுடையதாகவே நின்றது. நடுவிலே கண்கூசும் வட்டம், அதனைச் சூழ மெல்லிய வெளிச்சம், அதற்கப்பால் இருள். இழை குவியத்தினின்று சற்று விலகினால் நடுவிலே கரும்பொட்டும் சுற்றிலும் வளையமும் தோன்றும். ஒரே அளவு ஒளியை 10 பாகைக் கூம்பாகச் செலுத்தினால், 3 மீற்றர் தூரத்திலுள்ள சுவரில் அரை மீற்றரிலும் சற்று அகன்ற வட்டமே ஒளிபெறும். அதே ஒளி 90 பாகைக்கு விரிந்தால் வட்டம் 6 மீற்றராகும். ஆனால் கதிரின் செறிவு ஏறத்தாழ 77இல் ஒரு பங்காகக் குறையும். இவ்வாறிருந்தும், அறையில் நடமாடுபவருக்குப் பின்னதே உதவுவது. பிரகாசமான வட்டத்துக்குப் பழகிய கண்ணுக்கு அதன் அயலிலுள்ள இருள் மேலும் கடுமையாகத் தோன்றுவதே இதற்குக் காரணம்.

1939ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தபோது, கைவிளக்கின் முகப்பை இரண்டு மெல்லிய தாள்களால் மூடி, நிலம் நோக்கிப் பிடிக்குமாறு மக்கள் பணிக்கப்பட்டனர். விமானிகளின் கண்ணுக்கு மறைப்பதே நோக்கம். ஆனால் தாள் ஒளியைச் சிதறச் செய்து கூரிய கதிரை மென்மையாக்கும் என்பதையும் அவ்வழக்கம் பலருக்குக் காட்டிற்று. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றியிருந்தபோது, ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கைச் சூழ்ந்து பிள்ளைகள் படித்தனர். அச்சிறு சுடர் முற்றத்தின் எல்லையைக் காட்டமாட்டாது. ஆயினும் மேசையைச் சுற்றியிருந்த அனைவரின் ஏட்டிலும் விழுந்தது.

ஒளிகாலும் இருவாயியின் வருகை இப்பழைய முரண்பாட்டைத் தளர்த்தியது. நீலநிறம் காலும் பிரகாசமான இருவாயி யப்பானில் 1993ஆம் ஆண்டிலும், அதன்மேல் ஒளிர்பொருள் பூசிப் பெற்ற வெண்ணிற இருவாயி 1996ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நீல ஒளியை ஆக்கித் தந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். இருவாயி இயல்பாகவே முன்பக்கம் முழுவதிலும் அகன்று ஒளி காலுவது. எனவே ஆழ்ந்த ஆடியைச் சேர்த்தால் நீண்ட கதிரும், சொரசொரப்பான ஆடியைச் சேர்த்தால் ஓரம் மழுங்கிய கதிரும், பால்நிற மூடியைச் சேர்த்தால் சீராகப் பரந்த வெளிச்சமும் ஒரே மூலத்தினின்று பெறலாம்.

2022ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்த நாட்களில் இவ்வறிவு மிகவும் வேண்டப்பட்டது. கூர்ங்கதிர் விளக்கையும் அறைவிளக்காக்க எளிய வழி ஒன்றுண்டு. அதனை நிமிர்த்தி வைத்து, வெள்ளை பூசிய உட்கூரையை நோக்கி ஒளிவிடச் செய்தால், கூரை தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கை எத்திசையிலும் பரப்பும். அப்போது விளக்கு கண்ணைக் குத்தாது. நிழலும் கடுமையாக விழாது. ஓடோ தகரமோ வேய்ந்த இருண்ட கூரையாயின், வெண்சுவரையோ வெண்டுணியையோ நோக்கித் திருப்புதல் தகும். கதிரைக் கூராக்கப் பல தலைமுறை அறிஞர் உழைத்தனர். அக்கூர்மையைத் தணித்து ஒரு குடும்பம் கூடியிருக்கும் வெளிச்சமாக்க ஒரு வெண்சுவரே போதுமானது.