ஒன்றரை ஷிப்டும் ஒன்றரை வயதும்

'பழகிட்டான்' என்று ஒரு சொல் இருக்கிறது. திருப்பூர்க் காப்பகங்களில் ஆயாக்கள் வாயில் அடிக்கடி வரும். "ஒரு வாரம் ஒரே அளுகைங்க. இப்பப் பழகிட்டானுங்க, சத்தமே இல்லை." அந்தச் சத்தமின்மையை எப்படி வாசிப்பது? குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன. ஆனால் கோட்பாடுகளுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. யுத்தம், ஆஸ்பத்திரி, தொழிலாளர் குடியிருப்பு இவைதான் அந்த இடங்கள். இதை மறந்துவிட்டு 'பிணைப்பு', 'பிரிவுப் பதற்றம்' என்று சொற்களை மட்டும் இறக்குமதி செய்தால், கடைசியில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிற அம்மாதான்.

1907இல் ரோமில் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தது தொழிலாளர் குடியிருப்பில்தான். அப்பா அம்மா வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்காமல் இருக்க வேண்டும் என்பது கட்டட நிறுவனத்தின் கவலை. (அதே அம்மையார் 1939இல் அடையாறு வந்து பயிற்சி கொடுத்தார். இன்று நம் ஊர்களில் அவர் பெயர்ப் பலகைக்குக் கீழே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது வேறு கதை.)

நமக்கு முக்கியமானது லண்டன். 1941இல் அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் ஹாம்ப்ஸ்டெட்டில் யுத்தக்காலக் காப்பகங்களை நடத்தினார்கள். குண்டுவீச்சில் வீடிழந்த குழந்தைகள், அம்மா ஆலைக்குப் போன குழந்தைகள். ஆரம்பத்தில் எல்லாப் பணியாளரும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குழந்தைகளைச் சின்னச் சின்னக் 'குடும்பங்களாக'ப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு பெண்ணைப் பொறுப்பாக்கினார்கள். உடனே என்ன நடந்தது? அமைதி குலைந்தது. பொறாமை, அழுகை, 'என் ஆள்' என்று உரிமை கொண்டாடும் சண்டை எல்லாம் வெடித்தன. கூடவே பேச்சும் பழக்கவழக்கங்களும் வேகமாக முன்னேறின. ஒழுங்கான வரிசை கலைந்ததையே வளர்ச்சியின் அடையாளமாகப் பார்க்க அவர்களால் முடிந்தது. நிர்வாகக் கண்ணுக்கு இது லேசில் தெரியாது.

அங்கே கொதிகலன் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்கிற தொழிலாளி வீட்டுப் பையன். காப்பகத்தில் வேலை செய்கிற எல்லோரும் தாம் கண்டதை அட்டைகளில் எழுத வேண்டும் என்பது அன்னா பிராய்டின் விதி, கொதிகலன்காரருக்கும் விலக்கில்லை. அவர்தான் பிற்பாடு ஜான் பௌல்பியோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக் குழந்தைகளைக் கவனித்தார். பிரிக்கப்பட்ட குழந்தை மூன்று கட்டங்களைக் கடக்கிறது என்றார்: எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, விலகல். மூன்றாம் கட்டத்தில் குழந்தை சாப்பிடும், சிரிக்கும், அம்மா வந்தால் முகம் திருப்பிக்கொள்ளும். 'பழகிவிட்டது' என்று நர்சுகள் சொன்னது இதைத்தான். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியை அவர் எடுத்த படம் 1952இல் திரையிடப்பட்டபோது மருத்துவர்கள் கொதித்தார்கள்.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊருக்கு எதிர்ப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை வயதுக்காரன் செய்தால் மட்டும் அதற்கு 'அடம்' என்று பெயர்.

பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை, தாய் வேலைக்குப் போகக் கூடாது என்பதற்கான விஞ்ஞானமாகப் பரப்பப்பட்டது. பிரிட்டனில் யுத்தக்காலக் காப்பகங்களுக்கான பணத்தை அரசு அதற்கு முன்னாலேயே நிறுத்தத் தொடங்கிவிட்டது என்பதை டெனிஸ் ரைலி 1983இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டினார். பூட்டு முதலில், கோட்பாடு பின்னால். ஆனால் ராபர்ட்சனின் வேலை வேறு திசையில் போனது. 1959இல் பிளாட் குழு, குழந்தைகளைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்க அனுமதிக்கச் சொன்னது. ஆஸ்பத்திரியின் கடிகாரம்தான் திருத்தப்பட்டது, தாய் அல்ல. கோட்பாட்டை நாம் வாங்க வேண்டிய முனை இதுதான் என்பது என் கட்சி.

'தாயும் சேயும்' என்கிற இருவர் படத்தையும் அப்படியே வாங்க வேண்டியதில்லை. மார்கரெட் டிராவிக் 1990இல் தமிழ்க் குடும்பம் ஒன்றின் அன்பைப் பற்றி எழுதிய புத்தகத்தில், பெற்றவள் தன் பிள்ளை மீதான பாசத்தை அடக்கிக்கொள்வதையும் குழந்தை பல கைகளுக்குப் போவதையும் காட்டுகிறார். கொங்கு நாட்டில் அமுச்சியும் அப்பத்தாவும் அந்தக் கைகள்தான். பல கை இருப்பதில் பிரச்சினை இல்லை. தெரிந்த கையாக இருக்க வேண்டும், நாளைக்கும் இருக்க வேண்டும். தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பத்துக்கு அந்தக் கைகள் ஊரிலேயே தங்கிவிடுகின்றன.

சட்டத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களது குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. 1976இல் அது 30 ஆனது. பயிற்சி பெற்ற பெண் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கு இதே மாதிரி விதித்தது. இலங்கை மலையகத்தில் இதற்குப் 'பிள்ளைக்காம்பரா' என்று பேர். தோட்டக்காரனுக்கு லயத்திலேயே கிடக்கும் உழைப்பு தேவை, அதனால் காம்பராவும் நிலையாக நின்றது. பனியன் தொழில் நேர்மாறு. கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங் வேறிடம் என்று ஜாப் ஒர்க்காகச் சிதறும்போது 30 என்கிற எண்ணிக்கை எங்கேயும் சேராமல் பார்த்துக்கொள்ள முடியும். ஆளும் கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார்கள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் அறை இருக்கும். வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்கு அது தேவை. அங்கன்வாடி சாயங்காலம் வரை தாங்காது. ஷிப்ட் ஐந்தரைக்கு முடியும், ஒன்றரை ஷிப்ட் என்றால் எட்டரை. வெளிநாட்டுக் கைக்குழந்தைகளுக்கான உடுப்பு தைத்து முடிக்கிற நேரம் அது.

ஆக, கடிக்கிற குழந்தை, சோறு துப்புகிற குழந்தை, வாசலையே பார்க்கிற குழந்தை ஆகியோரைத் தனித்தனி மனங்களாக மட்டும் வாசிப்பது அரைகுறை வாசிப்பு. கொதிகலன்காரர் எழுதியது போல நம் ஆயாவும் எழுதலாம். இன்றைக்கு யார் யாரைக் கடித்தான், அம்மா நேற்று எத்தனை மணிக்கு வந்தாள், இந்த வாரம் ஷிப்மென்ட் உண்டா, போன மாதத்து ஆயா எங்கே போனாள் என்று நாலு பத்தி போட்ட ஒரு நோட்டு. அது சங்கத்தின் மேசைக்கும் போக வேண்டும். கூலி உயர்வுப் பேச்சில் ஒன்றரை ஷிப்டைப் பற்றி வாய் திறக்க அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் '30 பெண்கள்' என்பதை '50 தொழிலாளர்கள்' ஆக்கியது. அப்பனும் கணக்கில் வந்தது நல்லதுதான். மின்சாரத்தில் ஓடும் இடம் தொழிற்சாலை ஆவதற்கான வரம்பு 10 ஆளிலிருந்து 20 ஆனது அதே சட்டத்தில்தான். காப்பகம் பற்றிய பிரிவு தகுந்த அறை, தகுந்த இடம், தகுந்த தூரம் என்று பேசுகிறது. அந்த அறையில் ஒரே முகம் எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை.