கண் சிமிட்டிய விளம்பரங்கள் - ஒரு சின்ன வரலாறு

பழைய இணையப் பக்கங்களின் தலைமாட்டில் நீளமாக ஒரு பட்டை இருக்கும். எழுத்து வரும், மறையும், நிறம் மாறும், 'இங்கே சொடுக்கவும்' என்று கண் சிமிட்டும். எரிச்சல்படாதவர் யார்? ஆனால் அந்தச் சிமிட்டலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன் கணக்கைக் கண்டால் விடுவானா? :-)

முதலில் கொஞ்சம் காலவரிசை. பட்டை விளம்பரத்தின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1994 அக்டோபர் 27. அன்று 'ஹாட்வயர்ட்' என்ற அமெரிக்க இணைய இதழில் ஏடி அண்ட் டி உள்ளிட்ட நிறுவனங்களின் பட்டைகள் வந்தன. அவை அசையவில்லை. இத்தனைக்கும் அசைவதற்கான 'ஜிஃப்' பட வடிவம் கையில் இருந்தது. 1987-ல் காம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் குழு உருவாக்கியது அது. ஒரே கோப்பில் பல படங்களை அடுக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று குறிக்கும் வசதி 1989 திருத்தத்தில் வந்தது. அந்த அடுக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டியது 1995-96-ல் வந்த நெட்ஸ்கேப் 2.0 உலாவி. அதன்பிறகுதான் பட்டைகள் ஆட ஆரம்பித்தன.

இப்போது கணக்கு. அன்றைய பட்டையின் அளவு 468 x 60. அதாவது 28,080 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட் வீதம் சுமார் 28 கேபி. 28.8 மோடம் விநாடிக்கு 3.6 கேபிதான் இறக்கும். ஒரு படத்துக்கே 8 விநாடி ஆகிறது. நான்கு படம் அடுக்கினால் அரை நிமிடத்துக்கும் மேல்! நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது மணிக்கணக்கு பார்த்துத்தான் காசு.

ஜிஃப் இதற்கு இரண்டு சிக்கனம் வைத்திருந்தது. வரிசையாக ஒரே நிறம் வந்தால் அதைச் சுருக்கிவிடும். அடுத்த படத்தில் மாறிய இடத்தை மட்டும் அனுப்பினால் போதும். ஆகவே ஒரே நிறப் பின்னணி, பெரிய எழுத்து, ஓரத்தில் ஒரு பொத்தான் மட்டும் சிமிட்டல். இருப்பதிலேயே மலிவான அசைவு அதுதான். நாம் ரசனைக் குறைவு என்று திட்டியதில் பாதி, சிக்கனம்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. அந்தச் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1994 டிசம்பரில் மென்பொருள்காரர்களிடம் உரிமக் கட்டணம் கேட்கத் தொடங்கியது. கட்டணமில்லாத 'பிஎன்ஜி' வடிவம் பிறந்ததே அதனால்தான். ஆனால் அது அப்போது அசையாது. விளம்பரக்காரர்கள் ஜிஃப்பை விடவில்லை. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003 ஜூனில் காலாவதியானது.

சரி, நம் தமிழுக்கு வருவோம்.

நான் மாற்றலாகி வந்து குடியிருப்பது கொச்சியின் தோப்பும்படியில். இங்கே மீன்பிடித் துறைமுகத்துக்குக் குமரிக் கரையிலிருந்து படகுகள் வரும். பக்கவாட்டில் தமிழில் பெயர் எழுதியிருக்கும். எழுத்தை வரைந்தே கொண்டுவந்துவிட்டால், வந்து சேரும் கரையில் தமிழ் அச்சு இருக்கிறதா என்ற கவலை இல்லை. அன்றைய இணையத் தமிழும் அப்படித்தான் பயணம் செய்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு, அது உங்கள் கணினியில் இல்லாவிட்டால் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டித் தரப்படுத்தவேண்டிய அளவுக்குக் குழப்பம். விளம்பரம் கொடுப்பவர் அந்த வம்புக்கே போகவேண்டாம். தமிழைப் படமாக்கிப் பட்டையில் ஏற்றினால் நியூ ஜெர்சியிலும் துபாயிலும் ஒரே மாதிரி தெரியும். கூகுளின் ஆட்சென்ஸ் 2003-ல் வந்தாலும், தமிழ்ப் பக்கங்களுக்கு அது ஆதரவு அறிவித்தது 2018 பிப்ரவரியில்தான்.

இந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் எனக்கு உறுத்துகிறது. படத்தில் இருக்கும் தமிழைத் தேடுபொறி எழுத்தாகப் பார்க்கவில்லை. இணைய ஆவணக் காப்பகம் 1996 முதல் பக்கங்களைச் சேமித்து வந்தாலும், விளம்பரப் படங்கள் பல சமயம் வேறு வழங்கிகளிலிருந்து வந்தவை. பக்கம் இருக்கும், பட்டை இருந்த இடம் காலியாக இருக்கும்.

விளம்பரம்தானே, போகட்டும் என்று விடலாமா? கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பை வைத்துச் சென்னையில் நூலகம் உருவான ஆண்டும் அதே 1994. நூறு வருடத்துக்கு முந்தைய தமிழர் எதை வாங்கினார், எதற்கு ஏங்கினார் என்பதைப் பழைய பத்திரிகை விளம்பரத்தில் பார்க்கிறோம். கடல் கடந்த முதல் இணையத் தலைமுறைக்கு என்ன விற்றார்கள்? மாப்பிள்ளையா, மனையா, ஊருக்குப் பேசும் தொலைபேசி அட்டையா? அதற்குச் சாட்சி அந்தச் சிமிட்டும் பட்டைகள்தான்.

பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன் அந்தக் காலத்தில் சேமித்த இணையப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். ஜிஃப் கோப்புகள் ஒரு குறுந்தகட்டில் ஆயிரக்கணக்கில் அடங்கும். இன்றைய உலாவியிலும் திறக்கும். அப்போது கூடவே ஓடிய 'ஃபிளாஷ்' விளம்பரங்களுக்கு 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றுபோனது. 1987-ல் பிறந்த ஜிஃப் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. சிக்கனமாக வாழ்ந்தவருக்கு ஆயுசு கெட்டி!