இசைவைத் தள்ளிவைத்த நாயகிகள்: மர்ம நாவல் குறித்த கைலாசபதியின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

தமிழ் நாவலின் முதல் அரை நூற்றாண்டைப் பற்றி எழுத வருகிறவர் எவரும் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலைத் தொடாமல் மேலே செல்ல முடியாது. நாவலைச் சமூக வரலாற்றோடு பொருத்திப் படிக்கத் தமிழில் வழி வகுத்த நூல்களுள் அது முதன்மையானது. 1933இல் கோலாலம்பூரில் பிறந்து, போர் முடிந்தபின் யாழ்ப்பாணம் சென்று, அங்கே தமிழாய்வின் போக்கையே திருப்பியவர் அவர். நாவலை மத்தியதர வர்க்கத்தின் எழுச்சியோடு இணைத்துப் பார்த்த அவர் பார்வைக்கு இக்கட்டுரையும் கடன்பட்டிருக்கிறது. ஆயினும் அவர் ஓரிடத்தில் இட்ட தீர்ப்பு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு இறுகிவிட்டது. அதைத் தளர்த்துவதே என் நோக்கம்.

அவர் வாசிப்பின் சாரம் இதுதான். வேதநாயகம் பிள்ளை, ராஜம் ஐயர், மாதவையா ஆகிய மூவரிடமும் சமூகத்தை நேர்நின்று நோக்கும் முயற்சி இருந்தது. அவர்களுக்குப் பின் அந்த இழை அறுந்தது. ஆங்கில எழுத்தாளர் ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸைத் தழுவியும் ஒட்டியும் எழுதப்பட்ட மர்ம, துப்பறியும் நாவல்கள் சந்தையைப் பிடித்தன. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் வாசகரை வாழ்க்கையிலிருந்து விலக்கிக் கற்பனைச் சிக்கல்களுக்குள் இழுத்துச் சென்றார்கள். ஆகவே ஏறக்குறைய 1905 முதல் 1930 வரையான காலம் தமிழ் நாவலின் சரிவுக் காலம்.

இந்த வாசிப்பில் உண்மை உண்டு. தழுவல்களில் பல அவசரத்தில் எழுதப்பட்டவை. சூத்திரம் ஒன்றே; பெயர்கள் மட்டும் மாறும். கதைமாந்தர் பெரும்பாலும் மேல்சாதிச் செல்வக் குடும்பத்தினர். உழைக்கும் மக்கள் வேலைக்காரராகவோ திருடராகவோ வந்து போவார்கள். இவற்றை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது 'இழை அறுந்தது' என்ற முடிவை. கைலாசபதி ஆசிரியரின் நோக்கையும் வர்க்கப் பின்புலத்தையும் அளந்தார், கதாநாயகியை அளக்கவில்லை. அவளை வைத்துப் பார்த்தால் 1879க்கும் 1930க்கும் இடையே ஒரே இழை ஓடுவது தெரிகிறது. ஆபத்துக்குள் தள்ளப்பட்டு, ஒரு ரகசியத்தைச் சுமந்து, தன் காதலுக்குக்கூட உடனே இசைவு தராமல் நிற்கும் பெண்ணே அந்த இழை.

ஞானாம்பாளின் ஆண் வேடம்

வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1876இல் எழுதி முடிக்கப்பட்டதா, அதற்கு முன்பேயா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அச்சில் வந்த ஆண்டு 1879 என்பதில் பெரிய சிக்கல் இல்லை. முதல் தமிழ் நாவலின் உச்சக்கட்டம் எது? கணவனைத் தேடி ஆண் வேடத்தில் விக்கிரமபுரிக்கு வரும் ஞானாம்பாளுக்கு யானை மாலை சூட்டுகிறது. அவள் அரசனாகிறாள். சிறையில் கிடக்கும் பிரதாபனை விடுவிப்பவளும் அவளே. வேடம், அடையாளம் மறைத்தல், சிறை, மீட்பு ஆகிய மர்ம நாவலின் உறுப்புகள் அனைத்தும் ரெயினால்ட்ஸ் தமிழுக்கு வருவதற்கு முன்பே இங்கு இருக்கின்றன.

கைலாசபதியின் வழியில் செல்பவர்கள் இப்பகுதியை நாட்டார் கதையின் எச்சமாகக் கருதி ஒதுக்குவது வழக்கம். யானை மாலையிடுவது பழங்கதைக் கூறு என்பது சரியே. ஆனால் பழங்கதையில் அந்த மாலை ஆணுக்கு விழும். மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர், பெண்கல்வியை வற்புறுத்தி எழுதியவர், அதைப் பெண்ணின் கழுத்தில் விழ வைத்தார். அவள் திறமையாக ஆள்வதைக் காட்டுவதற்கு அவருக்கு ரகசியம் தேவைப்பட்டது. பெண் என்று தெரிந்தால் அந்த ஊர் அவளை ஏற்றிருக்காது. இங்கே ரகசியம், சமூகம் தரமறுத்த இடத்தைக் கதைக்குள் பெண்ணுக்குத் தரும் வழியாகிறது.

தலைப்பிலிருந்து இறக்கப்பட்ட பெண்

என் வாதத்தின் அச்சாக நான் கருதும் சான்று ஒரு நாவலின் இரண்டு தலைப்புகள். திருகோணமலையில் பிறந்து சென்னையில் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப் பிள்ளை 1895இல் 'மோகனாங்கி'யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அது மதிக்கப்படுகிறது. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டு, சொக்கநாத நாயக்கருக்கும் மோகனாங்கிக்கும் இடையிலான காதலைச் சொல்கிறது. இதே ஆசிரியர் 1892இல் 'தத்தைவிடு தூது' என்ற சிறு செய்யுள் நூலில் பெண்ணின் விடுதலையைப் பாடியவர். அவர் தம் நாவலுக்கு மன்னன் பெயரை இடாமல் பெண்ணின் பெயரை இட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அந்த நாவல் 1919இல் மாணவருக்கான சுருக்கமாக மீண்டும் வெளிவந்தது. அப்போது அதன் பெயர் 'சொக்கநாத நாயக்கர்'. இருபத்துநான்கு ஆண்டுகளில் பெண் தலைப்பிலிருந்து இறங்கினாள், மன்னன் ஏறினான். பாடநூலுக்குக் காதல் கதை பொருந்தாது, வரலாறு பொருந்தும் என்ற எளிய காரணம் இருந்திருக்கலாம். அதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். பள்ளிக்குத் தகுதியான இலக்கியம் எது என்று முடிவு செய்கிறபோது, முதலில் வெட்டுப்பட்டது அவள் பெயர்.

இதன் பின்னணியில் ஒரு வரலாறு இருக்கிறது. மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சை விஜயராகவ நாயக்கரின் மகளைப் பெண் கேட்டு, மறுக்கப்பட்டு, 1673இல் தஞ்சை மீது படையெடுத்தார். தஞ்சையின் தோல்வி உறுதியானதும் அதன் அந்தப்புரத்துப் பெண்கள் வெடிமருந்துக்கு இரையாக்கப்பட்டதாக வரலாறு சொல்கிறது. கேட்டவன் பெயரும் மறுத்தவன் பெயரும் நிலைத்துவிட்டன. அந்த இளவரசியின் விருப்பம் எங்கும் பதிவாகவில்லை. அவளையும் மோகனாங்கியையும் ஒருவராக வைத்து நான் வாதிடவில்லை. ஆனால் நாயக்கர் வரலாற்றிலிருந்து ஒரு காதல் கதையை எடுத்து அதற்குப் பெண்ணின் பெயரைச் சூட்டுவது, அந்த மௌனத்தைக் கலைக்கும் செயல். 1919இன் தலைப்பு அதைத் திரும்பவும் மூடியது.

இப்போது மர்ம நாவல்களின் பெயர்களைப் பாருங்கள்: மறைமலையடிகள் ரெயினால்ட்ஸைத் தழுவி எழுதிய 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' (1911), ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' (1908), அவருடைய 'சந்திரகாந்தா', வடுவூராரின் 'மேனகா', வை. மு. கோதைநாயகி அம்மாளின் 'வைதேகி'. ஆண் பெயர் தாங்கிய தலைப்புகளும் உண்டு. ரங்கராஜுவே 'மோகனசுந்தரம்', 'இராஜேந்திரன்' எழுதினார். ஆயினும் பாடநூல் பெண்ணின் பெயரை நீக்கிய அதே காலத்தில் கடைத்தெரு நாவல் அவளை அட்டையில் நிறுத்தியது. சரிவு என்று நாம் படித்த பக்கத்தில்தான் அவள் காப்பாற்றப்பட்டாள்.

மர்மம் வாங்கித் தந்த அவகாசம்

இனி நான் சொல்வதற்கு நேரடிச் சான்று குறைவு. எந்த ஆசிரியரும் இப்படி எண்ணித்தான் எழுதினேன் என்று சொன்னதில்லை. ஆனாலும் இதை விட்டுவிட்டால் மர்ம நாவல் ஏன் அவ்வளவு பெரிய அளவில் பெண்களைத் தொட்டது என்பது விளங்காது.

1891இன் இசைவு வயதுச் சட்டம் பெண்ணின் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதற்கே நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. அதுவும் பெண்ணின் மண வயதைப் பதினான்காகவே வைத்தது. கோதைநாயகி அம்மாளுக்கே ஐந்தரை வயதில் திருமணம் நடந்தது. இந்தச் சமூகத்தை உள்ளபடி எழுத வந்த நாவலில், வயது வந்து, மணமாகாமல், தன் துணையைத் தானே தேர்கிற பெண் எங்கிருந்து வருவாள்? மாதவையாவின் 'முத்துமீனாக்ஷி' (1903) இதற்கு விடை சொல்கிறது. அதில் நாயகி தன் விருப்பப்படி மணப்பதற்கு முன் குழந்தை மணமும் கைம்மையும் அவளைக் கடந்துபோக வேண்டியிருந்தது. யதார்த்த நாவலில் பெண்ணின் தேர்வுக்குக் கிடைத்த வாசல் அவ்வளவு குறுகலானது.

மர்ம நாவல் வேறு வாசலைத் திறந்தது. ராஜாம்பாள் கோபாலனை விரும்புகிறாள். பணக்கார முதியவர் ஒருவர் அவளை மணக்கத் துடிக்கிறார். அவள் கொலையுண்டதாக உலகம் நம்புகிறது. பழி காதலன் மேல் விழுகிறது. துப்பறியும் கோவிந்தன் முடிச்சை அவிழ்க்கிறார். குற்றமும் தேடலும் கதைக்கு விறுவிறுப்பு தருகின்றன என்பது எல்லோரும் அறிந்தது. அதற்கும் மேலாக, விரும்பாத மணத்தை அவை தள்ளிப்போடுகின்றன. தகப்பன் குறித்த முகூர்த்தத்தைப் பெண் தன் வாயால் நிறுத்த முடியாத காலத்தில், கடத்தலும் காணாமற்போதலும் அதை நிறுத்தின. நாயகிக்கு வயதும் அவகாசமும் வாங்கித் தந்தது மர்மமே.

'மேனகா'வில் இது இன்னும் கூர்மையாகிறது. அவள் ஏற்கெனவே மணமானவள். கணவன் வீட்டு நாத்தனார்களே அவளை ஒரு செல்வனுக்கு விற்றுவிடுகிறார்கள். அவள் இணங்க மறுக்கிறாள். அந்தச் செல்வனின் மனைவி நூர்ஜகான் அவளைக் காக்கிறாள். முஸ்லிம் ஆணை ஆபத்தின் உருவமாகக் காட்டும் இக்கதையின் குறையைப் பூசி மறைக்கக் கூடாது. அதே கதை, பெண்ணுக்கு மிகப் பெரிய ஆபத்து சொந்த வீட்டுக்குள்ளிருந்தே வரும் என்பதையும், அவளுக்குக் கை கொடுத்தவள் வேற்று மதத்துப் பெண் என்பதையும் சொல்கிறது. வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் எழுத்து என்றால் இந்த வீட்டைக் காட்டியிருக்கத் தேவையில்லை.

ரெயினால்ட்ஸ் பற்றியும் ஒரு சொல். அவரை மலிவான பரபரப்பு எழுத்தாளராக மட்டும் நம் வரலாறுகள் நிறுத்திவிட்டன. அவர் இங்கிலாந்தின் சாசன (சார்ட்டிஸ்ட்) இயக்கத்தில் நின்றவர். 1848 மார்ச்சில் லண்டன் டிரபால்கர் சதுக்கக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றவர். தொழிலாளர் படித்த வார இதழ் நடத்தியவர். கைலாசபதி போன்ற மார்க்சியத் திறனாய்வாளர் ஒருவருக்கு இது பொருட்படுத்தத் தக்க செய்தி. தமிழ்த் தழுவலில் அவருடைய அரசியல் பெருமளவு உதிர்ந்துபோனது உண்மை. ஆனால் செல்வர் வீட்டுச் சுவர்களுக்குப் பின்னால் குற்றம் இருக்கிறது என்ற அவருடைய அடிப்படை ஐயம் உதிரவில்லை. அந்த ஐயத்தைத் தமிழில் சுமந்தவள் நாயகி.

லங்காட் ஆற்றங்கரையில்

மலாயாவில் இம்மரபு என்னவாயிற்று? இங்கு எழுதப்பட்ட முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917இல் வந்தது. 'அல்லது' சேர்ந்த இரட்டைத் தலைப்பே அது எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. முன்பாதி ஆணுக்குப் போய்விட்டது. காதல் பின்பாதிக்கு வந்தது.

ரப்பர்த் தோட்டங்களில் யார் வாசித்தார்கள் என்பது கடினமான கேள்வி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் விதித்தது. அடுத்த ஆண்டே கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தொடங்கியது. ஆயினும் லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் மிகச் சிலரே. ஒருவர் படிக்கப் பலர் கேட்பது தமிழகத்தில் பரவலாக இருந்த வழக்கம். லங்காட் ஆற்றோரத்துப் பந்திங், தெலுக் டத்தோ, கேரித் தீவுத் தோட்டங்களிலும் கிராணியோ ஆசிரியரோ படிக்க மற்றவர் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். கோதைநாயகி அம்மாளே கதையை வாயால் சொல்லத் தோழியைக் கொண்டு எழுதவைத்தவர் என்பதை நினைத்தால், காதால் கேட்கும் பெண்ணுக்கு இந்நாவல்கள் அந்நியமாக இருந்திருக்க முடியாது.

அப்படிக் கேட்ட பெண்ணுக்கு மேனகாவின் ஆபத்து கற்பனையாகப் பட்டிருக்குமா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்க்க வேண்டும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரைமாரும் தோட்ட உத்தியோகத்தரும் தொழிலாளப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இடம்பெற்றது. பால்வெட்டுக்கு விடியுமுன் தனியே நிரைக்குள் போகிறவளுக்கு, அதிகாரமுள்ளவனிடம் 'முடியாது' என்று சொல்லும் நாயகி யதார்த்தத்துக்கு மிக அருகில் இருந்தவள். எது வாழ்க்கை, எது தப்பியோடல் என்பதைக் கேட்பவளின் இடத்திலிருந்தும் தீர்மானிக்க வேண்டும். கைலாசபதி அதை எழுதுபவரின் இடத்திலிருந்து மட்டும் தீர்மானித்தார்.

இரண்டு ஆண்டுகளில், 1943இல், இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்தனர். கோலாலம்பூரின் ஜானகி தேவருக்கு அப்போது பதினெட்டு வயது. சேர்வதற்குத் தந்தையின் கையொப்பம் வேண்டியிருந்தது. நாவல்தான் அவர்களைப் படைக்கு அனுப்பியது என்று சொல்ல ஆதாரம் இல்லை. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் சீருடை அணிந்து துப்பாக்கி ஏந்திய பெண்ணைக் கண்ட தலைமுறைக்கு, விக்கிரமபுரியில் ஆள வந்த ஞானாம்பாள் புதியவள் அல்லள்.

முடிவாக

இக்கட்டுரை எல்லாத் தேதிகளையும் தீர்த்துவைக்கவில்லை. 'மேனகா'வுக்கு 1923 என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு. அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப நான் விரும்பவில்லை. இந்நாவல்கள் பெரும்பாலும் திருமணத்தில் முடிகின்றன என்பதும் என் வாதத்துக்கு எல்லை வகுக்கிறது. நாயகி வென்றெடுத்த அவகாசம் கடைசி அத்தியாயத்தில் திரும்ப வாங்கப்படுகிறது. இருந்தும் அந்த இடைப்பட்ட பக்கங்களில் அவள் மறுக்கிறாள், மறைக்கிறாள், வேடமிடுகிறாள், தன் மனத்தைத் தானே அறிந்தபின் இசைகிறாள். 1879இல் தொடங்கிய அந்தப் பெண்ணை 1919இன் பாடநூல் கைவிட்டது. மர்ம நாவல் கைவிடவில்லை. ஆகவே அக்காலத்தைச் சரிவு என்று ஒரு சொல்லில் அடைப்பதை நிறுத்தி, தழுவலையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்து, நாயகி எந்த இடத்தில் மறுக்கிறாள், எந்த இடத்தில் இசைகிறாள், அதை மாற்றியவர் யார் என்று நூல் நூலாகப் பார்ப்பதே இனிச் செய்ய வேண்டிய வேலை. கைலாசபதி காட்டிய சமூக வரலாற்று முறைக்கு உண்மையாக இருப்பதும் அதுவே என்று நான் கருதுகிறேன்.