கல்யாணபுரத்து வாயிற்காவலரும் பிள்ளையின் பாடமும்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில், தாராசுரத்தில் கிடைத்த துவாரபாலகர் சிலை ஒன்று உள்ளது. விசயராசேந்திர தேவர் கல்யாணபுரத்தை எறிந்து கொண்டுவந்தது இது என்று அதன் பீடத்துத் தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கிறது. அப்பட்டம் பூண்டவன், சாளுக்கியரின் அத்தலைநகரை வென்ற முதலாம் இராசாதிராச சோழன். அவனே 1054இல் கொப்பத்துப் போரில் யானைமேலிருந்தவாறே மாண்டான். தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலோ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் இரண்டாம் இராசராசனால் எழுப்பப்பட்டது.

"இவர் முன்பு எந்த ஊர் வாயிலைக் காத்தார்?" என்று ஒரு பிள்ளை கேட்பதாகக் கொள்வோம். விடை ஒரு பாடத்தில் அடங்காது. வரலாறு மன்னனையும் ஆண்டையும் கூறும். புவியியல், கல்யாணபுரம் இன்றைய கருநாடகத்துப் பீதர் மாவட்டத்தின் பசவகல்யாண் என்றும், இக்கல் கிருட்டிணையாற்றைக் கடந்து வந்தது என்றும் காட்டும். ஓவிய வகுப்பு, சோழச் சிற்பியின் கையினின்று சாளுக்கியச் சிற்பியின் கை வேறுபடுவதை உணர்த்தும். தமிழ்ப் பாடம், பரணி நூல் தோற்றவர் பெயராலேயே வழங்கும் மரபை நினைவூட்டும். குலோத்துங்கனின் வெற்றியைச் செயங்கொண்டார் பாடிய நூலுக்குப் பெயர் தந்தது கலிங்கமே. பாடங்கள் இவ்வாறு ஒன்றுகூடும்போது, தேர்வுக்குரிய ஓர் ஆண்டாக இருந்த போர், ஓர் ஊரார் இழந்த இழப்பாகப் பிள்ளைக்குத் தெரியவரும்.

இவ்விடத்தில் நம் ஞாயிறு பள்ளிக்கும் பங்குண்டு. நேபுகாத்நேச்சார் எருசலேம் ஆலயத்துப் பணிமுட்டுகளைத் தன் தேவனின் பண்டசாலையில் வைத்தான் (தானியேல் 1:2). கோரேசு காலத்தில் திரும்பியவை 5,400 என எண்ணிக் குறிக்கிறது எஸ்றா 1:11. இழந்தவர் பக்கம் நின்று இதனை நாம் வாசிக்கிறோம். ஆனால் எரிகோவின் பொன்னும் வெள்ளியும் கர்த்தருடைய ஆலயப் பொக்கிஷத்தில் சேர்க்கப்பட்டதை யோசுவா 6:24 கூறுகையில், நாம் வென்றவர் பக்கம் நிற்கிறோம்.

ஆகவே, அயலாரின் சமயத்தைக் குறைகூறும் கருவியாக இச்சிலையை நாம் கொள்ளலாகாது. தாராசுரத்தைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆயரும் ஆசிரியரும் தஞ்சைக் கலைக்கூடத்திற்கும் செல்வார்களாக. அச்சிலையின்முன் எஸ்றாவையும் யோசுவாவையும் ஒருங்கே திறப்பார்களாக. நம் முன்னோர் வென்ற போரிலும் தோற்றவர் யாரெனக் கேட்கப் பழகிய பிள்ளையே, நாளை தன் காலத்துப் போரைக் குறித்தும் அக்கேள்வியை எழுப்பும்.