எண் ஒன்று

1983 ஜனவரியில் அமெரிக்கக் கண்காட்சி ஒன்றில், 'சீக்வென்ஷியல்' கம்பெனியின் மின்வாத்தியத்தையும் ஜப்பானிய 'ரோலண்ட்' வாத்தியத்தையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் கட்டையை அழுத்த, மற்றதிலும் நாதம் எழுந்தது. 'மிடி' என்ற பாஷை அப்படித்தான் அரங்கேறியது. அதற்கு வழிகோலிய டேவ் ஸ்மித்தும் இகுடாரோ ககேஹாஷியும் தொழிலில் போட்டிக்காரர்கள். இருந்தும் அதை யாரும் இலவசமாக எடுத்தாள விட்டுவிட்டார்கள். வியாபாரிகளிடம் இது அபூர்வம்!

எனக்கு அந்தப் பாஷையில் பிடித்தது அதன் அடையாள எண்தான். 'நீ யார்?' என்று கேட்டால், கருவி முதலில் தன் கம்பெனி எண்ணைச் சொல்லும், பிறகுதான் மாதிரியை. ரோலண்டுக்கு 65, யமஹாவுக்கு 67, சீக்வென்ஷியலுக்கு 1. எல்லாம் 128-க்குள் அடங்க வேண்டும். கம்பெனிகள் பெருகவே, பூஜ்யத்தை முன்னால் போட்டு மூன்று எண்களாக நீட்டினார்கள். நம் ஊர்க் கதவிலக்கங்கள் வால் முளைத்து நீள்வதில்லையா, அந்த மாதிரிதான்.

1987-ல் சீக்வென்ஷியல் நொடித்துப்போய் யமஹா கைக்குப் போயிற்று. பெயரும் கூடவே போயிற்று. 2002-ல் ஸ்மித் மறுபடி கடை விரித்தபோது, பலகையில் தம் சொந்தப் பெயரைத்தான் எழுத வேண்டியிருந்தது. ஆனால் அவருடைய புதுக் கருவிகளை 'யார்?' என்று கேட்டால், 'நான் 1' என்றுதான் பதில் வந்தது!

பழைய போட்டிக்காரரான ககேஹாஷி, யமஹாவிடம் அவருக்காகப் பரிந்து பேசினார். 2015-ல் பெயர் திரும்பி வந்தது. 2018-ல் ஸ்மித் அதைப் பலகையில் எழுதினார். ககேஹாஷி அதற்கு முந்திய வருஷமே காலமாகிவிட்டார்.