சரித்திரப் பதிவேடு



இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் பேச அழைத்த மன்றத்தாருக்கு நன்றி. இன்றைய பொருளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அம்பத்தூரில் நடந்த வாசிப்புக் கூட்டம் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "அரசாங்கம் நம்மைக் கண்காணிக்கிறது. கம்பெனிகள் நம்முடைய தகவல்களை அள்ளிக்கொண்டு போகின்றன. இரண்டில் எது நமக்கு அதிக ஆபத்து, தோழர்?" அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது, இந்தக் கேள்வியையே நாம் வேறு மாதிரி கேட்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நம் பகுதியைப் பாருங்கள். 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. லேத்துப் பட்டறைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் நம் அப்பாக்கள் வேலை பார்த்தார்கள். இன்று அதே பேட்டையில் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. நாட்டின் பணப் பரிமாற்றங்களும் புகைப்படங்களும் மருத்துவச் சீட்டுகளும் இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் சேமிக்கப்படுகின்றன. நமக்கு அங்கே கிடைத்திருப்பது பெரும்பாலும் காவலாளி வேலையும் துப்புரவு வேலையும்தான். பக்கத்தில் ஆவடி. 2022 ஜனவரி 1 முதல் அது தனிக் காவல் ஆணையரகம். பூந்தமல்லி வரை அதன் எல்லை. ஒரே வட்டாரத்தில் கம்பெனியின் நினைவகமும் காவல்துறையின் நினைவகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் வழி உண்டா?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். ஐ.டி.ஐ. முடித்தவன். சுடுகாட்டுப் பாதைக்காக நம் மக்கள் நடத்திய மறியலில் அவனும் உட்கார்ந்திருந்தான். வழக்குப் போட்டார்கள். அது விசாரணைக்கே வரவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு முடிந்து, வேலை உறுதி என்ற நிலையில், 'வெரிஃபிகேஷன்' என்றார்கள். அதற்குப் பிறகு அழைப்பு வரவே இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. தமிழ்நாடு காவல்துறை இணையம் வழியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வேலைக்கு வருவோரையும் வாடகைக்கு வருவோரையும் சரிபார்த்துத் தருகிறது. காவல் நிலையத்தில் எழுதிய ஒரு வரி கம்பெனியின் மேசைக்குப் போய்ச் சேர்வதற்கு அந்த வழி போதும். அந்தத் தம்பியிடம் போய், உன்னைக் கெடுத்தது அரசா, கம்பெனியா என்று கேட்டால் என்ன சொல்வான்?

இந்த வழி புதிதாகப் போடப்பட்டதல்ல. 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குக் கப்பி கொடுக்கும் ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி அச்செடுத்தார். இந்த நாட்டில் கைரேகைப் பதிவின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கொலையும் கொள்ளையும் அதற்குக் காரணமில்லை. பேசிய பேச்சை அந்த ஆள் நாளை மறுத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். ஹெர்ஷல் யாருடைய அதிகாரி? கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. அன்றைக்கு கம்பெனிதான் அரசாங்கம். அதே ஆண்டில் கம்பெனி ஆட்சி முடிந்தது. கைரேகை முடியவில்லை. 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறந்தார்கள். கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு இருக்கிறது. புகழ் மட்டும் எட்வர்ட் ஹென்றிக்குப் போனது.

1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. நம் மக்கள் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். சட்டப் புத்தகத்தில் இருந்த பெயரைவிட அதுதான் சரியான பெயர். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம். பெயரைப் பதிய வேண்டும், ரேகை கொடுக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சாதி வரிசையில் அவர்கள் நமக்கு எங்கே நின்றார்கள், இன்று எங்கே நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே சொல்கிறேன், அந்தச் சாவு நம்முடைய வரலாற்றிலும் சேர்ந்ததுதான்.

பதிவேட்டில் ஏறிய குறவர்களை என்ன செய்தார்கள்? அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பில் அடைத்தார்கள். பொறுப்பை சால்வேஷன் ஆர்மியிடம் கொடுத்தார்கள். அங்கிருந்து சீராலாவில் இருந்த புகையிலைக் கம்பெனிக்குக் கூலியாட்களாக அனுப்பினார்கள். போலீஸ் எழுதிய பட்டியல் முதலாளிக்கு ஆள்கணக்காக ஆனது. வேலையை விட்டு ஓடினால் அது கூலித் தகராறு இல்லை, குற்றம். அரசும் கம்பெனியும் தனித்தனி என்று அந்தக் குறவர்களிடம் யார் சொல்லியிருக்க முடியும்?

சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. சாதியின் பெயர் போய், ஆளின் பெயர் வந்தது. 'கேடி' என்று நாம் சாதாரணமாகத் திட்டுகிறோமே, அது போலீஸ் பட்டியலின் இரண்டு ஆங்கில எழுத்துகள். 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பாடப் புத்தகத்தில் சரித்திரம் இல்லாத மக்களுக்குக் காவல் நிலையத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

அந்தரங்க உரிமை இந்த நாட்டில் எப்படி வந்தது என்பதையும் இந்தப் பதிவேட்டில்தான் படிக்க வேண்டும். 1947இல் அடிப்படை உரிமைகளுக்காக அண்ணல் அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற வரைவில், மக்களின் உடலையும் வீட்டையும் காகிதங்களையும் தகுந்த காரணமின்றிச் சோதனையிடக் கூடாது என்று ஒரு கூறு இருந்தது. போலீஸ் விசாரணைக்கு இடைஞ்சல் என்று அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் எதிர்த்தார்கள். அந்தக் கூறு அரசியல் சாசனத்தில் இடம்பெறவில்லை. உத்தரப் பிரதேசத்தின் கரக் சிங் உச்சநீதிமன்றம் போனார்; 1962இல் தீர்ப்பு வந்தது. கொள்ளை வழக்கில் ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் சரித்திரப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நள்ளிரவில் அவர் கதவைத் தட்டினார்கள். கதவைத் தட்டுவது தவறு என்ற நீதிமன்றம், அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்றும் சொன்னது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அது ஆதாரை எதிர்த்து வந்த வழக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு 55 ஆண்டுகள் முன்பே இருட்டில் ஒருவன் கதவைத் தட்டியதில் அந்தக் கேள்வி எழுந்துவிட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

"சேரியில் ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கிறோம், நமக்கு என்ன அந்தரங்கம்?" என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அவர்களுக்கு அண்ணலின் வாழ்க்கையையே காட்டுகிறேன். மேல்நாட்டில் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றின் பதிவேட்டில் பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. அன்று மாலைக்குள் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. தான் யார் என்பதைச் சொல்வதா, வேண்டாமா என்று தானே முடிவு செய்யும் உரிமைதான் அந்தரங்கம் என்றால், அது நம்மைவிட யாருக்கு அதிகம் தேவை? இன்றும் வீட்டுக்காரர் "சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார். பெயர், தெரு, பின்கோடு, தந்தை பெயர், படித்த விடுதி என்று கைப்பேசி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டால், சாதியைத் தனியாகக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

கம்பெனிகள் என்ன செய்யும் என்பதைக் கடன் செயலிகளில் பார்த்தோம். ஐயாயிரம் ரூபாய்க்காகக் கைப்பேசியின் தொடர்பு எண்களையெல்லாம் எடுத்து, தவணை தவறிய பெண்ணின் படத்தைச் சொந்தக்காரர்களுக்கே அனுப்பினார்கள். உயிர்கள் போன பிறகு, 2022இல், அந்த எண்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி போட்டது. அரசு என்ன செய்யும் என்பதும் தெரியும். 2023இல் நூறு நாள் வேலையில் நாளுக்கு இரண்டு முறை புகைப்படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகை என்று ஆக்கினார்கள். 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைதானவரின் கருவிழிப் பதிவைக்கூட எடுத்து 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம் என்கிறது. அது எந்தச் சட்டத்தின் இடத்தில் வந்தது தெரியுமா? பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920இன் சட்டத்தின் இடத்தில்.

இனி, நம்முடைய இன்னொரு பதிவேட்டுக்கு வருகிறேன். செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. எந்த நிலம், எந்த சர்வே எண், இன்று யார் கையில் என்று கேட்டால் பதிவேட்டைக் காணோம் என்கிறார்கள். அதைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நம்மைப் பற்றிய பதிவேடு தொலைவதே இல்லை. நமக்குச் சேர வேண்டிய பதிவேடு கிடைப்பதே இல்லை.

அதனால்தான் 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் என்றார்கள். அரசு விரும்பினால் தன் அமைப்புகளுக்கு விலக்கு அறிவித்துக்கொள்ள அதில் இடம் இருக்கிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தி, 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரே சொல்லால் மறுக்க வழி செய்துவிட்டது. பஞ்சமி நிலத்தை வைத்திருப்பவரின் பெயரும் நாளை தனிப்பட்ட தகவல் ஆகிவிடலாம். பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) இன்னும் உயிரோடு இருக்கிறது. மனு போடும் தோழர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவிக்கு இப்போது பதில் சொல்கிறேன். அரசா, கம்பெனியா என்று கேட்காதீர்கள் அம்மா. எழுதுவது யார், படிப்பது யார், அடிப்பது யார் என்று கேளுங்கள். 2024 மே மாதம் உச்சநீதிமன்றம், காவல் பதிவேடுகள் சாதிச் சார்போடு எழுதப்படுவதாக வரும் குற்றச்சாட்டைக் குறிப்பிட்டு, எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றது. அந்த அக்டோபரில் சிறைப் பதிவேடுகளின் சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. ஆவடி ஆணையரகத்தில் நம் வாலிபர்கள் எத்தனை பேருக்குச் சரித்திரப் பதிவேடு இருக்கிறது, எத்தனை முடித்து மூடப்பட்டிருக்கிறது என்று கேட்டு மனு போடுவது நாளைக்கே செய்யக்கூடிய வேலை. பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். ஊரார் இழிவாகச் சொன்ன பெயரைத் தானே எடுத்து அச்சில் ஏற்றினார். அவமானப்பட்டு ஒளித்ததும் இல்லை, யாரும் பிடுங்கி எழுதியதும் இல்லை. அது அவர் எடுத்த முடிவு. 1939இல் தம் வாழ்க்கையைச் சிறிய புத்தகமாக எழுதினார். அதன் பெயர் 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. காவல் நிலைய அலமாரியிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது, அவர் எழுதியதும் சரித்திரம். இரண்டில் எது நம் பிள்ளைகளின் பெயரைத் தாங்க வேண்டும் என்பதுதான் இன்றைக்கு நம் முன்னால் இருக்கும் வேலை.